மூன்றாவது துண்டு

தேனி மாவட்டத்துப் பள்ளிகளில் இயற்பியல் பயிலும் மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்



போடிநாயக்கனூர், தேவாரம், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று மலைக்கும் ஆற்றுக்கும் இடையே வரிசையாக அமைந்த ஊர்களின் மேல்நிலைப் பள்ளிகளில் அமர்ந்து, உந்த மாறா விதி என்னும் பாடத்தைப் பரீட்சைக்கு வேண்டிய சூத்திரங்களுள் ஒன்றாக மனனம் செய்துகொண்டிருக்கும் உங்களுக்கு இம்மடலை எழுதத் துணிந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. நியூட்ரினோ என்னும் பெயரை உங்கள் வயதுப் பிள்ளைகள் வேறெந்தப் பிரதேசத்திலும் இவ்வளவு முறை கேட்டிருக்கமாட்டார்கள். பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து ஓர் ஆய்வுக்கூடம் அமைக்கும் திட்டம் பிரஸ்தாபிக்கப்பட்ட நாள்முதல், அப்பெயர் சுவரொட்டிகளிலும் பொதுக்கூட்ட மேடைகளிலும் தேநீர்க் கடைச் சம்பாஷணைகளிலும் ஓயாமல் ஒலித்து வந்திருக்கிறது. ஆயினும் அந்தத் துகள் மனிதனுடைய அறிவுக்கு முதன்முதலில் எட்டியது எவ்வாறு என்பதையும், உங்கள் கையிலுள்ள பாடப்புத்தகத்தில் இதே அத்தியாயத்தின் கீழ் வரும் ஒரு கணக்கைப் பிடிவாதமாகச் செய்துபார்த்தவர்களுக்கே அது புலப்பட்டது என்பதையும் உங்களிடம் எவரும் எடுத்துச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லவேண்டியது, இயற்பியலைக் கற்பிப்பதில் வாழ்நாளைச் செலவிட்ட என் போன்றோரின் கடமை என்று கருதுகிறேன்.

அதற்கு முன்பாக, கணக்கைத் தொடும் முறையைப் பற்றிச் சிறிது நிதானித்துப் பேச அனுமதி தாருங்கள். வினாவைக் கண்ட மாத்திரத்தில் நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி, முன்னதும் பின்னதும் சமம் என்று எழுதிவிட்டு விடைக்கு விரையும் பழக்கம் நம்முடைய வகுப்பறைகளில் வேரூன்றியிருக்கிறது. அப்படிச் செய்பவர் பல சமயம் சரியான விடையைப் பெற்றும் விடுகிறார். ஆனால் விதியின் ஜீவன் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைப் பாராமலே கடந்து போய்விடுகிறார். பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் முன்பாகவே ஒரு தீர்மானம் செய்தாகவேண்டும். எந்தெந்தப் பொருள்கள் நம் கணக்குக்கு உட்பட்டவை, எவை புறத்தே நிற்பவை என்று ஓர் எல்லைக்கோடு வகுத்துக்கொள்ளவேண்டும். எல்லைக்குள் இருக்கும் பொருள்கள் ஒன்றையொன்று எவ்வளவு கடுமையாக மோதினாலும், தள்ளினாலும், இழுத்தாலும், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை அதே எல்லைக்குள்ளேயே இருப்பதால், மொத்த உந்தம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அதை மாற்ற வல்லது புறத்திலிருந்து வரும் விசை ஒன்றே. அடுத்தபடியாக, உந்தம் திசையுடைய ராசி என்பதை மறவாமல், அம்புக்குறிகளை வரைந்து, ஒன்றின் தலையில் மற்றதன் வாலைச் சேர்த்துக் கூட்டவேண்டும். படம் வரையாமல் உந்தக் கணக்கைச் செய்பவரை நான் நம்புவதில்லை.

குமுளி மலைச்சாலையில் பேருந்து ஏறும்போது, பெரியாற்று நீரை ஏந்திக்கொண்டு லோயர் கேம்ப் மின்நிலையத்தை நோக்கிச் சரிவில் இறங்கும் பிரம்மாண்டமான குழாய்களை நீங்கள் ஒருமுறையேனும் பார்த்திருப்பீர்கள். அவ்வகைக் குழாய் திரும்பும் இடங்களில் கான்கிரீட்டால் பெருங்கட்டைகள் அமைத்து, குழாயை மலையோடு பிணைத்து வைப்பது பொறியியலாரின் வழக்கம். காரணத்தை உங்கள் சூத்திரமே சொல்லும். விநாடிக்கு 10,000 கிலோகிராம் நீர், விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வந்து, வேகம் சிறிதும் குறையாமல் செங்கோணமாகத் திரும்புகிறது என்று உதாரணத்துக்காக வைத்துக்கொள்வோம். வேகம் மாறாவிட்டாலும் திசை மாறிவிட்டபடியால், குழாய்ச் சுவர் அந்நீரின்மீது 56,000 நியூட்டனுக்கும் அதிகமான விசையைச் செலுத்தியாகவேண்டும். நீரும் அதே விசையால் குழாயை வெளிப்புறமாகத் தள்ளும். நீரின் அழுத்தத்தால் வரும் விசை இதற்கு மேற்பட்டது. நீரை மாத்திரம் உங்கள் எல்லைக்குள் வைத்தால் உந்தம் மாறுகிறது. நீர், குழாய், கட்டை, மலை, மலையைத் தாங்கும் பூமி ஆகிய யாவற்றையும் உள்ளே கொண்டுவந்தால் மாறுவதில்லை. இரண்டு கூற்றும் உண்மை. எல்லைக்கோட்டை எங்கே கிழித்தோம் என்பதைச் சொல்லாமல் உந்தம் மாறுமா மாறாதா என்று கேட்பதில் பொருளே இல்லை.

இனி, உங்களுக்கு நன்கு பழக்கமான ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஓய்வில் இருக்கும் 5 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பொருள் வெடித்து மூன்று துண்டுகளாகச் சிதறுகிறது. ஒரு கிலோகிராம் நிறையுள்ள துண்டுகள் இரண்டு. ஒன்று கிழக்கேயும் மற்றொன்று வடக்கேயும் விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் பாய்கின்றன. மிச்சமுள்ள 3 கிலோகிராம் துண்டு எங்கே, என்ன வேகத்தில் செல்லும்? முதலில் உந்தம் பூஜ்யம். ஆகையால் முடிவிலும் பூஜ்யமே. கிழக்கு அம்பையும் வடக்கு அம்பையும் கூட்டினால் வடகிழக்கில் ஏறத்தாழ 17 அலகு நீளமுள்ள ஓர் அம்பு கிடைக்கிறது. அதை ஈடுசெய்யத் தென்மேற்கில் 17 அலகு உந்தம் வேண்டும். மூன்றால் வகுத்தால் விநாடிக்கு 5.7 மீட்டர். இவ்வளவுதான் என்று நோட்டை மூடிவிடாதீர்கள். மூன்றாவது துண்டு கண்ணுக்குப் புலப்படவே இல்லை என்று இப்பொழுது பாவித்துக்கொள்ளுங்கள். கிழக்கே ஒன்றும் வடக்கே ஒன்றும் பறப்பதை மட்டும் பார்த்தீர்கள். தென்மேற்கில் எதையும் காணவில்லை. அந்நிலையில் உங்கள் முன்னே இருப்பவை இரண்டே வழிகள். விதி இவ்விடத்தில் பொய்த்துவிட்டது என்று சொல்லலாம். அல்லது நமக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று தென்மேற்கில் தப்பிச் சென்றிருக்கிறது, அதன் உந்தம் இவ்வளவு என்று சொல்லலாம். இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில், உலகத்தின் மிகச்சிறந்த பௌதிக அறிஞர்கள் சரியாக இந்தக் கவையில் வந்து நின்றார்கள்.

1914-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் சாட்விக் என்னும் இளம் ஆங்கிலேயர் பெர்லினில் தங்கி, கதிரியக்கப் பொருள்களிலிருந்து பீட்டாக் கதிர்களாக வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளந்துகொண்டிருந்தார். (அவ்வாண்டே மூண்ட முதல் உலகப் போரின் காரணமாக, போர் முடியும்வரை அவர் அந்நகரத்தருகே ரூலேபன் முகாமில் சிறைவைக்கப்பட்டிருக்க நேர்ந்தது.) அவர் கண்டது எவரும் எதிர்பாராதது. ஓய்வில் உள்ள அணுக்கரு ஒன்று, எலக்ட்ரான் ஒன்றும் மிச்சக் கரு ஒன்றுமாக இரண்டே துண்டுகளாகப் பிரியுமானால், அவ்விரண்டின் உந்தங்களும் அளவில் சமமாகவும் திசையில் எதிராகவும் இருந்தாகவேண்டும். பிரிவில் வெளிப்படும் மொத்த ஆற்றலும் நிர்ணயமானது. ஆகவே அதை இரு துண்டுகளும் பங்கிட்டுக்கொள்ளும் விகிதமும் நிர்ணயமாகிவிடுகிறது. இரு நிபந்தனைகள், இரு அறியாத ராசிகள், ஒரே விடை. அதாவது ஒரே வகை அணுக்கருவிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் யாவும் ஒரே ஆற்றலோடு வரவேண்டும். சாட்விக் கண்டதோ, ஏறக்குறையப் பூஜ்யத்திலிருந்து ஒரு மேல் எல்லை வரைக்கும் எல்லா அளவுகளிலும் எலக்ட்ரான்கள் வந்தன என்பது.

எலக்ட்ரான்கள் யாவும் ஒரே ஆற்றலோடுதான் புறப்படுகின்றன, வெளியேறும் வழியில் சில பொருளோடு உரசிச் சிறிது ஆற்றலை இழக்கின்றன என்று சிலர் சமாதானம் கூறினார்கள். அச்சமாதானத்தை 1927-இல் கேம்பிரிட்ஜில் எல்லிஸ், ஊஸ்டர் என்னும் இருவர் சோதித்த விதம் அவசியம் நினைவில் வைக்கத்தக்கது. ரேடியம்-ஈ எனப்பட்ட பொருளை, எலக்ட்ரான்கள் எதுவும் தப்பமுடியாதபடி தடித்த சுவருள்ள வெப்ப அளவியில் அடைத்து, அணு ஒன்று சிதைவதற்கு எவ்வளவு வெப்பம் உண்டாகிறது என்று கணித்தார்கள். வழியில் இழக்கப்பட்டதும் வெப்பமாக அதே பெட்டிக்குள் தங்கிவிடும் அல்லவா? அப்படியானால் அணுவொன்றுக்கு, மேல் எல்லையாகிய 10.5 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கவேண்டும். கிடைத்தது ஏறத்தாழ 3.5 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டே. மூன்றில் இரண்டு பங்கு, தடித்த சுவரையும் ஊடுருவிக்கொண்டு எங்கோ போய்விட்டது. பெர்லினில் லீஸ் மைட்னரும் தம் சகாவோடு இப்பரிசோதனையைத் திரும்பச் செய்து, 1930-இல் அதே முடிவையே வெளியிட்டார்.

டென்மார்க்கின் நீல்ஸ் போர், அணுவின் அமைப்பை உலகுக்கு விளக்கிய மேதை, பீட்டாச் சிதைவில் ஆற்றல் அழிவின்மை விதி சராசரியாக மட்டுமே செல்லுபடியாகலாம் என்று எண்ணத் தலைப்பட்டார். போடி ஏலக்காய்க் கிட்டங்கியில் மூட்டை எடை குறைந்தால் தராசைச் சந்தேகிப்பவரும் உண்டு, மூட்டையில் ஓட்டையைத் தேடுபவரும் உண்டு. போர் தராசைச் சந்தேகித்தார். அவரை நாம் எளிதாகக் குறை சொல்லிவிடலாகாது. அணுவுக்குள்ளே பழைய விதிகள் பல தகர்ந்து விழுவதை அவர் தம் கண்ணெதிரே கண்டவர். இன்னும் ஒன்று விழுவது அவருக்கு அசம்பாவிதமாகத் தோன்றவில்லை. எனினும் இந்த விதிகளின் அஸ்திவாரம் எவ்வளவு ஆழமானது என்பதை 1918-இலேயே எம்மி நோத்தர் என்னும் கணித மேதை நிரூபித்திருந்தார். இயற்கையின் நியதிகள் இடத்துக்கு இடம் வேறுபடாதிருப்பதன் விளைவே உந்தம் மாறாமை என்பதும், காலத்துக்குக் காலம் வேறுபடாதிருப்பதன் விளைவே ஆற்றல் மாறாமை என்பதும் அவருடைய தேற்றத்திலிருந்து கிடைக்கும் உண்மைகள். தேவாரத்தில் செய்த பரிசோதனை டென்மார்க்கிலும் அதே முடிவைத் தரும் என்று நம்புகிறவர் உந்த மாறா விதியையும் கூடவே ஏற்றுக்கொண்டவராகிறார். பாடப்புத்தகத்தின் பெட்டிச் செய்திகளில் ஒன்றாகக்கூட நோத்தரின் பெயரை நான் அதிகம் கண்டதில்லை. இந்த விதியைப் படிக்கும் ஒவ்வொரு மாணவியும் அறிந்திருக்கவேண்டிய பெயர் அது.

மூட்டையில் ஓட்டையைத் தேடியவர் வொல்ப்காங் பவுலி. 1930-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி, சூரிச் நகரிலிருந்து அவர் ஒரு கடிதம் எழுதினார். அது ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையன்று. டூபிங்கனில் கூடியிருந்த கதிரியக்க ஆராய்ச்சியாளர்கள் அனைவரையும் கூட்டாக விளித்து, அவையில் வாசிக்கப்படுவதற்கென்று எழுதிய மடல். மைட்னரும் அவ்வவையில் இருந்தார். மிகச் சொற்பமான எடையுள்ள, மின்னூட்டம் இல்லாத ஒரு துகள், எலக்ட்ரானோடு கூடவே கருவிலிருந்து வெளியேறுகிறது என்று கொண்டால் கணக்கு நேராகிவிடும் என்று அவர் அதில் தெரிவித்தார். துண்டுகள் இரண்டல்ல, மூன்று. மூன்றானவுடனே பங்கீட்டின் நிர்ணயம் தளர்ந்துவிடுகிறது. எலக்ட்ரானுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கலாம், எஞ்சியதை மூன்றாவது துண்டு கொண்டுபோய்விடும். சில அணுக்கருக்களின் கோண உந்தத்திலும் கணக்கு இடித்துக்கொண்டிருந்தது. புதிய துகள் அதையும் சரிசெய்யும் என்று அவர் கருதினார். ஆய்விதழில் அச்சிட்டு வெளியிடும் துணிவு அப்போது தமக்கில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. அக்காலத்தில் அறியப்பட்டிருந்த துகள்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. கணக்கு இடிக்கிறது என்பதற்காக ஒரு புதிய துகளைச் சிருஷ்டித்துக்கொள்வது அவ்வளவு பெரிய சாகசமாக இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்குள், 1932-இல், அதே சாட்விக் இதே விதியைக் கையாண்டு வேறொரு துகளைக் கண்டுபிடித்தார். அவர் செய்த கணக்கு உங்கள் வகுப்பில் மீள்தன்மை மோதல் என்னும் தலைப்பில் வரும் கணக்கேயாகையால் அதை இங்கே முழுமையாகத் தருகிறேன். பெரிலியத்தின்மீது ஆல்பாத் துகள்களைப் பாய்ச்சியபோது, கண்ணுக்குத் தெரியாத, மின்னூட்டமற்ற ஏதோ ஒரு கதிர் புறப்பட்டு, மெழுகிலிருந்த ஹைட்ரஜன் அணுக்கருக்களை வெளியே தள்ளியது. அது காமாக் கதிர் என்று பாரிஸில் ஜோலியோ-கியூரி தம்பதியர் கருதினார்கள். சாட்விக், ஹைட்ரஜனோடு நில்லாமல் நைட்ரஜனையும் அதன் வழியில் நிறுத்தினார். தள்ளப்பட்ட ஹைட்ரஜனின் உச்ச வேகம் விநாடிக்கு 33,000 கிலோமீட்டர். நைட்ரஜனின் உச்ச வேகம் 4,700 கிலோமீட்டர். காமாக் கதிர் என்று கொண்டால், உந்தமும் ஆற்றலும் மாறாதிருக்க, ஹைட்ரஜனைத் தள்ளியதற்கு ஏறத்தாழ 5.5 கோடி எலக்ட்ரான் வோல்ட்டும், நைட்ரஜனைத் தள்ளியதற்கு 9 கோடியும் தேவைப்பட்டன. ஒரே கதிருக்கு இரண்டு ஆற்றல்கள் இருக்கமுடியுமா? அதற்குப் பதிலாக, ஒரு குறிப்பிட்ட நிறையுள்ள துகள் நேருக்கு நேர் மோதுகிறது என்று வைத்துக்கொண்டால், இரு வேகங்களின் விகிதம், அந்நிறையோடு 14-ஐக் கூட்டியதற்கும் 1-ஐக் கூட்டியதற்கும் உள்ள விகிதமாகும். விகிதம் ஏழு; ஆகவே நிறை 1-க்குச் சற்றே அதிகம், அதாவது ஏறத்தாழ ஹைட்ரஜன் அணுக்கருவின் நிறை. வந்து மோதியதை எவரும் பார்க்கவில்லை. பட்டுத் தெறித்த இரண்டு பொருள்களின் வேகங்களைக் கொண்டே நியூட்ரானின் நிறை நிறுவப்பட்டது. பவுலி தம் துகளுக்குக் கருதியிருந்த நியூட்ரான் என்னும் பெயர் இதற்குப் போய்விட்டபடியால், அவருடைய இலேசான துகள் இத்தாலியில் பெர்மி என்னும் அறிஞரின் வட்டாரத்தில் நியூட்ரினோ என்று வழங்கப்பட்டு, பெர்மி 1934-இல் வெளியிட்ட பீட்டாச் சிதைவுச் சித்தாந்தத்தின் வாயிலாக உலகெங்கும் நிலைத்தது.

ஆனால் சித்தாந்தம் எவ்வளவு அழகானதாயினும், மூன்று துண்டுகளில் ஒன்று புலப்படாதபோது, மற்ற இரண்டின் உந்தங்களையும் ஒருசேர அளப்பது பெரும் சிரமம். அந்தச் சிரமத்தைத் தீர்க்கும் யுக்தி, ஜப்பானியப் படையெடுப்பினால் தன் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து, சீனத்தின் குய்சோ மாகாணத்து மலைப் பிரதேசத்தில் இயங்கிவந்த செசியாங் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் ஒருவருக்கு உதயமாயிற்று. வாங் கன்சாங் என்பது அவர் பெயர். பரிசோதனை செய்யத் தக்க கருவிகள் அவரிடம் இல்லை. ஆகையால் அவர் செய்யக்கூடியதைச் செய்தார். கணக்கை எளிதாக்கினார். அவர் எழுதிய சிறு குறிப்பு 1942-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்விதழில் வெளிவந்தது. மூன்று துண்டாகச் சிதையும் அணுவை ஏன் எடுத்துக்கொள்ளவேண்டும்? பெரிலியம்-7 என்னும் அணுக்கரு, எலக்ட்ரானை வெளியே விடாமல், தன்னைச் சுற்றிவரும் எலக்ட்ரான் ஒன்றைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டு லித்தியம்-7 ஆக மாறுகிறது. பவுலி சொல்வது உண்மையானால், அப்போது வெளியேறுவது ஒரே ஒரு நியூட்ரினோ. மிஞ்சுவது ஒரே ஒரு லித்தியம் அணு. மறுபடியும் இரண்டே துண்டுகள், மறுபடியும் ஒரே விடை.

நோட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சிதைவுகளில் நியூட்ரினோவுக்குக் கிடைக்கும் ஆற்றல் 8.62 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். நிறை அநேகமாக இல்லாத துகளுக்கு, உந்தத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் கிடைப்பதே ஆற்றல். லித்தியம்-7 அணுக்கருவின் நிறையை ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி ஆற்றலாக எழுதினால் 653 கோடி எலக்ட்ரான் வோல்ட். முதலில் யாவும் ஓய்வில் இருந்தன. ஆகவே லித்தியத்தின் உந்தம் நியூட்ரினோவின் உந்தத்துக்குச் சமம், திசையோ எதிர். லித்தியத்தின் வேகம் ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கு என்பதை அறிய, 8.62 லட்சத்தை 653 கோடியால் வகுங்கள். ஏறத்தாழ 7,580-இல் ஒரு பங்கு, அதாவது விநாடிக்கு 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இயக்க ஆற்றல், உந்தத்தையும் வேகத்தையும் பெருக்கியதில் பாதியாகையால், 8.62 லட்சத்தை 7,580-ஆல் வகுத்துப் பாதியாக்கினால் 57 எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கிறது. புலப்படாத துகள் எட்டரை லட்சத்துக்கு மேல் எடுத்துச் செல்ல, புலப்படும் அணுவுக்கு எஞ்சியது இந்த 57 மட்டுமே. ஆனால் அந்த 57 கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

வாங்கின் குறிப்பு வெளிவந்த 1942-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஜே. எஸ். ஆலன், வாங்கின் யோசனையைப் பின்பற்றி லித்தியத்தின் பின்னுதைப்பை அளந்தார். அணுக்கள் படிந்திருந்த பரப்பு சிறிது ஆற்றலைத் தின்றுவிட்டதால் விடை எதிர்பார்த்ததற்குச் சற்றுத் தாழ்ந்திருந்தது. பிறகு 1952-இல் ரேமண்ட் டேவிஸ் மிகுந்த கவனத்துடன் அளந்தபோது கிடைத்தது 55.9 எலக்ட்ரான் வோல்ட். 1956-இல் ரைன்ஸ், கோவன் ஆகிய இருவர் சவன்னா ஆற்றங்கரையிலிருந்த அணு உலையின் பக்கத்தில் கருவி அமைத்து, உலையிலிருந்து வந்த எதிர்நியூட்ரினோக்கள் புரோட்டான்களோடு வினைபுரிவதையே பிரத்தியட்சமாகக் காட்டினார்கள். கால் நூற்றாண்டுக் காலம் அனுமானத்தால் மாத்திரம் வாழ்ந்த பொருள் அது; அவ்வளவு காலமும் அதைத் தாங்கி நின்றது உங்கள் பாடத்திலுள்ள விதி.

இக்கதை அயல்நாட்டாருக்கே உரியது என்று எண்ணாதீர்கள். 1965-இல் கோலார் தங்கவயலில், தமிழ்நாட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சென்று உழைத்த தொழிலாளர்கள் வெட்டிய சுரங்கத்தின் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் அடையாளத்தை உலகில் முதன்முதலாகக் கண்டவர்களுள் ஒரு பிரிவினராக விளங்கினார்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் ரைன்ஸின் குழுவினரும் அவ்வாண்டே அதைக் கண்டார்கள். தங்கவயல் ஆராய்ச்சி நின்றுபோன பிறகு, அம்மரபைத் தொடரும் உத்தேசத்தோடு வகுக்கப்பட்டதே பொட்டிப்புரத்துத் திட்டம். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கவழியின் முடிவில், எப்பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை சூழ, 50,000 டன் இரும்பை அடுக்கடுக்காக நிறுத்திக் காந்தமாக்குவது அதன் திட்டம். அதுவும் ஓர் உந்தக் கணக்கே என்பதை நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். நியூட்ரினோ ஒன்று இரும்பு அணுக்கருவில் மோதினால் மியூவான் என்னும் மின்னூட்டமுள்ள துகளும் வேறு சில சிறு துகள்களும் பிறக்கும். காந்தப்புலத்தில் மியூவானின் பாதை வளையும். புலம் 1.5 டெஸ்லா எனில், நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட்டுக்குரிய உந்தமுள்ள மியூவான் சுமார் 2.2 மீட்டர் ஆரமுள்ள வட்டவில்லில் செல்லும். உந்தம் இருமடங்கானால் ஆரமும் இருமடங்கு. வளைவின் அளவிலிருந்து உந்தமும், வளையும் பக்கத்திலிருந்து மின்னூட்டத்தின் குறியும் தெரியவரும். எல்லாத் துண்டுகளின் அம்புகளையும் கூட்டினால், வந்த நியூட்ரினோவின் திசையும் ஆற்றலும் ஏறக்குறைய வெளிப்படும்.

அத்திட்டத்தின் வரலாறு உங்களுக்கு ஓரளவு தெரிந்ததே. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2017 மார்ச்சில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. மறு ஆண்டு மார்ச்சில் மத்திய அரசு மீண்டும் அனுமதி வழங்க, அவ்வாண்டு நவம்பரில் வனவிலங்கு வாரியத்தின் சம்மதமின்றிப் பணியைத் தொடங்கலாகாது என்று தீர்ப்பாயம் விதித்தது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு இதை அனுமதிக்க இயலாதென உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மதிகெட்டான் சோலைக்கும் பெரியாற்றுக் காட்டுக்கும் இடையே புலிகள் நடமாடும் வழித்தடம், பாறையை வெடிவைத்துக் குடைவதன் விளைவு, மலையில் பிறக்கும் ஓடைகளின் கதி ஆகியவை மெய்யான கேள்விகள். அவற்றைக் கேட்ட விவசாயிகளை அறியாதவர்கள் என்று இகழ்ந்தவர்கள் பெரும் பிழை செய்தார்கள் என்பது என் திடமான அபிப்பிராயம். மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்பது இப்பள்ளத்தாக்கின் உயிரைக் காப்பது. ஆனால் நியூட்ரினோ வந்து பயிரைக் கருக்கிவிடும், கருவைக் கலைத்துவிடும் என்று பரவிய பேச்சுக்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆய்வுக்கூடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சூரியனிலிருந்து விநாடிதோறும் உங்கள் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் கடந்து செல்கின்றன. நீங்கள் பிறந்த நாளிலும் சென்றன. மலையைப் பற்றிய வழக்கு மலையின் நியாயத்தையும் நீரின் நியாயத்தையும் வைத்தே தீரட்டும். அவ்வழக்கில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், அத்துகளைப் பற்றி வாய்ச்சொல் கேட்டு முடிவு செய்யாமல், கணக்கைச் செய்து பார்த்தவர்களாக நில்லுங்கள் என்பதே என் விண்ணப்பம்.

ஆகவே உங்களிடம் ஒரு கணக்கை ஒப்படைக்கிறேன். ஆர்கான்-37 என்னும் வாயு, பெரிலியம்-7 போலவே தன் எலக்ட்ரானைத் தானே விழுங்கிக் குளோரின்-37 ஆக மாறுகிறது. வெளியேறும் நியூட்ரினோவின் ஆற்றல் பெரும்பாலும் 8.11 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். குளோரின் அணுவின் நிறைக்கு ஈடான ஆற்றல் 3,443 கோடி எலக்ட்ரான் வோல்ட். அம்புக்குறிப் படத்தை முதலில் வரைந்து, குளோரின் அணு பின்னுதைபட்டுச் செல்லும் வேகத்தையும் அதன் இயக்க ஆற்றலையும் காணுங்கள். 1952-இல் ரோட்பேக், ஆலன் ஆகிய இருவர் அவ்வேகத்தை நேரடியாகவே அளந்தார்கள். சிதைவின் கணத்தில் வெளிப்படும் ஆற்றல் குறைந்த எலக்ட்ரான் காலக்கணக்கைத் தொடங்கிவைக்க, சில சென்டிமீட்டர் தொலைவைக் கடந்து வந்து விழும் குளோரின் அணு அதை முடித்துவைத்தது. உங்கள் விடை விநாடிக்கு 7 கிலோமீட்டருக்குச் சற்று மேலாகவும், ஆற்றல் 10 எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்றுக் கீழாகவும் வந்தால், அவர்கள் அளந்ததும் அதுவே.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்